தியோமான் பவளத்திட்டை அளக்க ஒரு நாடா போதுமா?

கேட்டவர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கழகம் நடத்தும் ஆசிரியை. முன்னாள் மாணவர்கள் சிலர் ஸ்கூபா உரிமம் எடுத்திருக்கிறார்கள். அவர்களை வைத்து, கிழக்குக் கடலில் உள்ள தியோமான் தீவில் எத்தனை வகைப் பவளம் இருக்கிறது, அது நலமாக இருக்கிறதா என்று கணக்கெடுக்க முடியுமா? எங்கள் செம்பனைத் தோட்டத்து உரமும் மண்ணும் அந்தப் பவளத்தைக் கெடுக்கிறதா? கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைப் பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்து வரலாமா? இவை அவருடைய கேள்விகள்.

டீச்சர், முதல் கேள்விக்குள்ளேயே மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எத்தனை வகை என்பது ஒன்று. கடல் தரையில் எத்தனை விழுக்காடு உயிருள்ள பவளம் என்பது இரண்டாவது. அந்தப் பவளம் நலமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அளவை வேறு வேறு. இரண்டாவதை அளந்துவிட்டு மற்ற இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதுதான் பள்ளித் திட்டங்களில் மட்டுமல்ல, பெரிய அறிக்கைகளிலும் நடக்கிற தவறு. ஒரே வகைப் பவளம் தரையின் பெரும்பகுதியை மூடியிருந்தால் பரப்பு 80 விழுக்காடு வரும், வகை ஒன்றுதான். கடல் சூடாகி அத்தனையும் வெளிறி நின்றாலும் அந்த 80 அப்படியேதான் இருக்கும்.

பரப்பிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த முறை பாதி தெரியும். செம்பனையில் குலைக் கணக்கு எடுக்கும்போது ஒவ்வொரு மரமாகவா போகிறார்கள்? குறித்து வைத்த நிரைகளில் எண்ணி, அதை முழு பிளாக்குக்கும் பெருக்குகிறார்கள். காய்ப்பு நன்றாக உள்ள நிரையாகப் பார்த்துப் பொறுக்கினால் கணக்கு கெட்டுவிடும் என்று எந்த மண்டோரும் (தோட்டக் கங்காணியும்) சொல்வார். கடலிலும் அதேதான். படகிலிருந்து குதித்ததும் கண்ணுக்கு அழகான இடத்தில் நாடாவை விரிக்கக் கை துடிக்கும். தொடங்கும் இடத்தைக் கரையிலேயே முடிவு செய்து, ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

தன்னார்வலர்களுக்கு ஏற்ற முறை ரீஃப் செக். 1996இல் கிரிகர் ஹாட்சன் தொடங்கியது, 1997இல் முதல் உலகளாவிய கணக்கெடுப்பு நடந்தது. மலேசியாவில் ரீஃப் செக் மலேசியா 2007 முதல் இயங்குகிறது. கருவி என்று பார்த்தால் நில அளவைக்காரர் பிடிக்கும் 100 மீட்டர் ஃபைபர் நாடா ஒன்று, எழுதுபலகை, பென்சில், நூலில் கட்டிய ஒரு நட்டு. எழுதுபலகையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை பிவிசி தகட்டை வெட்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினால் பென்சில் நன்றாகப் பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் பொடியால் கழுவினால் எழுத்து போய்விடும். அதனால் கரையேறியதும் முதலில் படம் எடுங்கள், பிறகு கழுவுங்கள்.

நாடாவை ஒரே ஆழத்தில், திட்டின் விளிம்பையொட்டி விரிக்க வேண்டும். 2 முதல் 6 மீட்டர் ஆழத்தில் ஒன்று, 6 முதல் 12 மீட்டர் ஆழத்தில் ஒன்று. 100 மீட்டரில் 80 மீட்டர்தான் கணக்கில் வரும்: 0 முதல் 20, 25 முதல் 45, 50 முதல் 70, 75 முதல் 95. இடையில் விடும் 5 மீட்டர், நான்கு துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனி மாதிரிகளாக நிற்பதற்காக. நாடாவைப் பவளக் கிளை மேல் தொங்கவிட்டால் நீரோட்டத்தில் ஆடும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது இன்னொரு பக்கம் கிடக்கும். அங்கங்கே இறந்த பாறையில் ஒரு சுற்று மாட்டி இழுத்துக் கட்டுங்கள், உயிருள்ள கிளையில் வேண்டாம்.

விரித்ததும் எல்லாரும் விலகிப் பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். அதன் பிறகு முதலில் போகிறவர்கள் மீன் எண்ணும் இருவர். நாடாவுக்கு இருபுறமும் இரண்டரை மீட்டர், மேலே 5 மீட்டர் உயரம், இதற்குள் வருகிற குறியீட்டு மீன்களை மட்டும் எண்ண வேண்டும்: வண்ணத்துப்பூச்சி மீன், ஈக்கான் மேரா (ஸ்னாப்பர்) இனம், 30 செ.மீ.க்கு மேற்பட்ட கெராப்பு (குரூப்பர்), 20 செ.மீ.க்கு மேற்பட்ட கிளிமீன், மோரே விலாங்கு, நெப்போலியன் மீன், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் போன்றவை. அளவு போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சந்தைக்குப் போவது பெரிய மீன். அது குறைந்திருந்தால் மீன்பிடி அழுத்தம் என்று முதல் சந்தேகம் வரும். பின்னால் வரும் இருவர் அதே பட்டையில் கடல் அட்டை, ராட்சதச் சிப்பி, நீண்ட முள் கொண்ட கருப்புக் கடல் முள்ளெலி, முள்முடி நட்சத்திர மீன், சிங்கி இறால் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். ஒரு துண்டுக்கு 100 சதுர மீட்டர், நான்குக்கும் 400. சுமார் ஐந்தாறு செம்பனை மரம் நிற்கிற இடம்தான் அது. ஒரு திட்டைப் பற்றி இவ்வளவு சின்ன இடத்தை வைத்துப் பேசுகிறோம் என்பதை அறிக்கை எழுதும்போது மறக்காதீர்கள்.

தரைக் கணக்கு கடைசியில். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நூலில் கட்டிய நட்டைத் தொங்கவிட்டு, அது தொடுவது என்ன என்று எழுத வேண்டும். நட்டு எதற்கு என்றால், கண்ணை நம்ப முடியாது. சாய்ந்து பார்த்தால் பக்கத்துப் பவளம் நாடாவுக்குக் கீழே இருப்பதுபோலத் தெரியும், மனமும் மணலைவிடப் பவளத்தைத்தான் விரும்பும். இன்னொரு சிறு பொறி: 0.0இல் தொடங்கினால் கடைசிப் புள்ளி 19.5. 20.0ஐயும் எழுதினால் 41 ஆகிவிடும். அடுத்த துண்டு 25.0 முதல் 44.5 வரை. துண்டுக்கு 40, மொத்தம் 160 புள்ளி. தண்ணீருக்குள்ளேயே எண்ணிச் சரிபார்க்க வேண்டும். மேலே வந்த பிறகு விட்டுப்போன புள்ளியை யாராலும் நினைவிலிருந்து எழுத முடியாது, எழுதவும் கூடாது.

எழுதும் குறிகள் பத்து: கடினப் பவளம், மென்பவளம், அண்மையில் இறந்த பவளம், ஊட்டச்சத்தைக் காட்டும் பாசி, கடற்பஞ்சு, பாறை, சிதறல், மணல், சேறு, மற்றவை. இவற்றில் குழப்பம் வருவது மூன்று நான்கு இடங்களில்தான், ஆனால் கணக்கைக் கவிழ்ப்பதும் அவைதான்.

வெள்ளையாக ஒரு பவளம் தெரிகிறது. வெளிறியதா, இறந்ததா? கை வைக்காமல் ஒரு சாண் தூரத்துக்குக் குனிந்து பாருங்கள். வெளிறிய பவளத்தில் தசை இருக்கும். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மெல்லிய தோல், ஒவ்வொரு குட்டிப் பவள உயிரும் குடியிருக்கும் சுண்ணாம்புக் கிண்ணங்களுக்குள் நிறமற்ற உணர்கொம்புகள். தசைக்குள் வாழ்ந்த பாசி வெளியேறியதால் சுண்ணாம்பின் வெள்ளை தெரிகிறது, அவ்வளவுதான். அது உயிருள்ளது, கடினப் பவளம் என்றே எழுதி, வெளிறியது என்று தனியே குறிக்க வேண்டும். இறந்ததில் தோல் இல்லை. கிண்ணத்துக்குள் கதிர்போல நிற்கும் தகடுகளின் விளிம்பு கூராகத் தெரியும். சில நாளிலேயே அதன் மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு படலம் ஏறத் தொடங்கும். கிண்ணங்களின் வடிவம் இன்னும் அடையாளம் தெரிகிற வரை அது அண்மையில் இறந்தது, ஏறத்தாழ ஓராண்டுக்குள். வடிவம் மழுங்கிவிட்டால் பாறை. வெளிறியதை இறந்ததாக எழுதும் அணி, ஒரே நாளில் ஒரு திட்டையே கொன்றுவிடும்.

மணலா சேறா என்பதற்கு விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உடனே கீழே படிந்தால் மணல், புகைபோல நீரில் நின்றால் சேறு. பாறையா சிதறலா என்றால், அரை செ.மீ. முதல் 15 செ.மீ. வரை உள்ள உடைசல் சிதறல், அதற்கு மேல் பாறை. பாறை மேல் புல்லுப்போல் ஒட்டியிருக்கும் குட்டைப் பாசிக்குத் தனிக் குறி கிடையாது, அடியில் உள்ளதை எழுதினால் போதும். கொத்தாக எழுந்து நிற்கும் சதைப்பற்றான பாசிதான் ஊட்டச்சத்துப் பாசி.

இனிக் கணக்கு. நான்கு துண்டிலும் கடினப் பவளம் விழுந்த புள்ளிகள் 16, 22, 14, 20 என்று வைத்துக்கொள்வோம். நாற்பதால் வகுத்தால் 40, 55, 35, 50 விழுக்காடு, சராசரி 45. மென்பவளம் 6 புள்ளி, அதாவது 3.75. உயிருள்ள பவளம் 48.75. இந்த வட்டாரத்தில் பயன்படும் தரவரிசையில் 25 வரை மோசம், 26 முதல் 50 வரை சுமார், 51 முதல் 75 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று. ஆக இது சுமார். அதோடு நிறுத்தாதீர்கள். கடினப் பவளத்தின் நான்கு துண்டுகளுக்கும் இடையிலான விலக்கத்தைக் கணக்கிட்டால் திட்டவிலக்கம் 9.1, சராசரியின் பிழை சுமார் 4.6. அடுத்த ஆண்டு 41 வந்தால் ‘பவளம் நான்கு விழுக்காடு அழிந்தது’ என்று தலைப்புப் போட முடியாது, நாடா ஒரு மீட்டர் தள்ளி விழுந்தாலே அவ்வளவு மாறும். இதனால்தான் தொடக்கத்திலும் முடிவிலும் இறந்த பாறையில் ஓர் அடையாளம் அடித்து வைத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில் செய்யச் சொல்கிறார்கள். அடையாளம் அடிப்பதற்கும் அனுமதியில் ஒரு வரி வேண்டும்.

வகைக்கு வருவோம். இங்கே ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது: தன்னார்வலர்கள் சிற்றினம் (species) வரை பெயர் சொல்ல முயல வேண்டாம், நெருங்கிய சிற்றினங்களை அடக்கிய பேரினம் (genus) போதும். பவளம் இடத்துக்கு ஏற்ப உருவம் மாற்றும். ஆழமில்லாத அலையடியில் கட்டையாக நிற்பது, ஆழத்தில் வெளிச்சம் தேடித் தட்டாக விரியும். சிற்றினத்தைப் பிரிக்க எலும்புக்கூட்டை வெளுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஒன்று என்று நினைத்திருந்தவற்றை மரபணு ஆய்வு இரண்டு மூன்றாகப் பிரித்த கதைகளும் உண்டு. பேரினமோ மாஸ்க் வழியாகவே பிடிபடும். அக்ரோபோராவின் ஒவ்வொரு கிளை நுனியிலும் தனியாக ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கும், வேறெதிலும் அப்படிக் கிடையாது. மோன்டிபோராவில் அந்த நுனிக் கிண்ணம் இல்லை, மேலெல்லாம் சொரசொரப்பு. போரைட்டிஸில் கிண்ணங்கள் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான், தூரத்தில் வழுவழுப்பான பாறாங்கல் மாதிரி இருக்கும். பந்துபோன்ற பவளங்களில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சொந்தச் சுவர் இருந்தால் டிப்சாஸ்ட்ரியா, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போட்டால் ஃபேவைட்டிஸ், சுவர்கள் நீண்டு மூளைபோல நெளிந்தால் பிளாட்டிஜைரா. லயத்து வீடும் தனி வீடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், மறக்க மாட்டார்கள். பூப்போல விரிந்திருக்கும் பாலிப்பில், அதாவது கிண்ணத்துக்குள் வாழும் அந்தக் குட்டி உயிரில், உணர்கொம்பு 24 என்றால் கோனியோபோரா, 12 என்றால் அல்வியோபோரா. டிப்லோஆஸ்ட்ரியா ஹீலியோபோரா மட்டும் விதிவிலக்கு. அந்தப் பேரினத்தில் இன்று வாழ்வது ஒரே சிற்றினம் என்பதால் முழுப்பெயரையே எழுதலாம்.

நாடா முறை அரிய வகைகளைத் தவறவிடும். 160 புள்ளியில் விழாததெல்லாம் இல்லை என்று ஆகாது. வகைப் பட்டியலுக்குத் தனியே ஒரு மணி நேர நீச்சல் வேண்டும்: ஆழத்தில் தொடங்கி மெல்ல மேலேறி, கண்ட பேரினங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 (அரிது) முதல் 5 (எங்கும்) வரை மதிப்புப் போடுவது. பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதற்குள் புதிதாக வந்த பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். கடைசி இருபது நிமிடத்தில் புதிது ஏதும் வராவிட்டால் பட்டியல் ஏறத்தாழ நிறைந்துவிட்டது. வந்துகொண்டே இருந்தால் இன்னொரு முறை இறங்க வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது, பங்கீடும் வேண்டும். இரண்டு திட்டுகள், இரண்டிலும் ஐந்து பேரினம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒவ்வொன்றும் 20 விழுக்காடு, இரண்டாவதில் ஒன்று 80, மற்ற நான்கும் ஐந்தைந்து. எண்ணிக்கையையும் பங்கீட்டையும் சேர்த்து அளக்கும் ஷானன் குறியீட்டில், அதாவது ஒவ்வொரு பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றினால், முதலாவது 1.61, இரண்டாவது 0.78. இதை e-யின் அடுக்காக வைத்துக் கணக்கிட்டால் முதலாவதில் ஐந்து, இரண்டாவதில் ஏறத்தாழ 2.2 பேரினம் இருப்பதற்குச் சமம். ஐந்தாம் படிவக் கணிதம் தெரிந்தவர் யாரும் செய்யலாம். குறியீடு கூடினால் திட்டு நலம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆட்சி செய்த ஒரு பவளம் பாதி செத்தாலும் பங்கீடு சமமாகிக் குறியீடு கூடும்! மேலும் போர்னியோவில் உள்ள சபாவோடு ஒப்பிட வேண்டாம். சபா, உலகப் பவள வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்ள பவள முக்கோணத்துக்குள் இருக்கிறது, தீபகற்பம் அதற்கு வெளியே.

நலத்துக்கு, நீந்த மட்டும் தெரிந்த மாணவர்களும் செய்யக்கூடியது நிற அட்டை. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் உருவாக்கிய அட்டையில் நான்கு நிறச் சாயல், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை படி. ஒரு பவளத்தின் மிக வெளிறிய இடம், மிக அடர்ந்த இடம் இரண்டையும் குறிக்க வேண்டும். வளரும் நுனி இயல்பாகவே வெள்ளையாக இருக்கும், அதை எடுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு இருபது பவளமாவது பாருங்கள். ஒரே இடத்தில் சராசரி இரண்டு படி இறங்கினால் தசைக்குள் இருக்கும் பாசி குறைந்திருக்கிறது என்று பொருள். அதோடு கடல் வெப்பநிலையையும் பாருங்கள். ஆண்டின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் நின்றால் ஒரு டிகிரி-வாரம். பன்னிரண்டு வாரத்துக்குள் இது 4 ஆனால் வெளிறல் தெரியும், 8 ஆனால் சாவு தொடங்கும். உலகளாவிய வெளிறல் 1998, 2010 ஆண்டுகளில் வந்தது, பிறகு 2014 முதல் 2017 வரை நீண்டது. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2010இல் தியோமானிலும் ரெடாங்கிலும் சில முக்குளிப்பு இடங்களை அதிகாரிகள் மூடினார்கள்.

முள்முடி நட்சத்திர மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிரேட் பேரியர் ரீஃபில் ஹெக்டேருக்கு 15க்கு மேல் போனால் பெருக்கம் என்று கொள்கிறார்கள். உங்கள் 400 சதுர மீட்டரில் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் ஹெக்டேருக்கு 25 என்று கணக்கு வரும். ஒன்றைக் கண்டதும் பீதியைக் கிளப்பாதீர்கள், அடுத்த நாடாக்களிலும் தேடுங்கள். அது தின்ற தடம் விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டாக இருக்கும், பக்கத்தில் நிறம் மாறாத நல்ல தசை. வெளிறல் அப்படி வெட்டியதுபோல நிற்காது, மெல்ல மங்கும்.

தோட்டத்துக்கு வருகிறேன். குளுவாங் வட்டாரத்து நீரில் ஒரு பகுதி செம்புரோங் வழியாக எண்டாவ் ஆற்றில் சேர்ந்து கிழக்குக் கடலுக்குப் போகிறது. மறுநடவுக்காகப் பழைய மரத்தைச் சாய்த்து மண் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் மழை பெய்தால், கழுவி வரும் மண் ஆற்றைத் தேநீர் நிறமாக்கும். சேறு பவளத்தின் மேல் படிந்தால் அது சளி சுரந்து தள்ளியே சக்தியை இழக்கும், வெளிச்சமும் குறையும். நைட்ரஜனும் பாஸ்பேட்டும் பாசியை ஊட்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் தியோமான் கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆற்று மண்ணை முதலில் வாங்குவது கரையோரத் தீவுகள். தியோமானில் கழிவுநீர், கட்டடவேலை, நங்கூரம், கால்மிதி ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் தோட்டத்தை நிரபராதி என்று சொல்லவில்லை. அதைப் பிடிக்க வேண்டுமானால் நாடாவை, தியோமானுக்குப் படகேறும் மெர்சிங்குக்கு அருகிலுள்ள தீவொன்றில் விரித்து, சேறு, ஊட்டச்சத்துப் பாசி என்ற இரண்டு குறிகளையும் ஆண்டுக்கணக்கில் பாருங்கள். அங்கே கலங்கிய நீரைத் தாங்கும் போரைட்டிஸ், டர்பினேரியா, கோனியோபோரா மிகுந்தும் அக்ரோபோரா குறைந்தும் இருந்தால், அதுவே சீரழிவுக்குச் சான்றாகாது. கரையோரத் திட்டின் இயல்பே அப்படி இருக்கலாம்.

நடைமுறைக்கு: ரீஃப் செக்கின் ஈக்கோடைவர் பயிற்சி எடுத்தவர்களின் கணக்கே தேசியத் தரவில் சேரும். உரிமம் மட்டும் போதாது, மிதவைக் கட்டுப்பாடு வேண்டும். பவளத்துக்கு மேல் அரை மீட்டரில் துடுப்பு படாமல் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கத் தெரியாதவர் எழுதுபலகை தூக்கக் கூடாது. அதற்கு முன் பள்ளித் திடலில் நாடாவை விரித்து, அரை மீட்டருக்கு ஒரு படம் வைத்து, இருவர் தனித்தனியே 160 புள்ளியும் எழுதிப் பார்க்கட்டும். இருவர் தாளிலும் பத்துக்கு ஒன்பது பொருந்தும் வரை கடலுக்குப் போக வேண்டாம். இதில் முதலாம் படிவப் பிள்ளைகளும் சேரலாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை படகைக் கட்டிப்போடும், எனவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. மெர்சிங் படகு நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் கிளம்பும், காலை ஒன்பது மணிக்கு நாடா விரிக்க வேண்டுமானால் முதல்நாளே போய்த் தங்குங்கள். தியோமானைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா, ஆய்வு என்ற பெயரில் எதைச் செய்தாலும் மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

தரவுத்தாளில் ஒன்றும் காணாத இடத்தைக் காலியாக விடாமல் 0 போடச் சொல்லுங்கள். காலி என்றால் பார்க்கவில்லை என்று பொருள், 0 என்றால் பார்த்தும் இல்லை.

கண்காட்சிக்குத் துண்டு எடுத்து வருவது வேண்டாம். கடல் பூங்காவிலிருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், செத்துக் கரை ஒதுங்கியதையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒரு படம், முழுத் திட்டோடு ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து மாட்டுங்கள். கிண்ணச் சுவரைப் பிள்ளைகள் அதில்தான் தெளிவாகப் பார்ப்பார்கள்.